வசனம் எடுத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள்

பேச்சைப் பதிவு செய்வதற்குப் பாடம் வேண்டுமென்றால் திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் புத்தக அலமாரியைப் பார்த்தால் போதும். 1935 முதல் 1939 வரை ரமணரோடு நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமய்யா குறித்து வைத்தார். சூரி நாகம்மா 1945-இலிருந்து தெலுங்கில் கடிதங்களாகவே எழுதித் தள்ளினார். இதே திருவண்ணாமலைதான் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் (த.மு.எ.ச.) கலை இரவுகளுக்குத் தாய்வீடு. விடிய விடிய அங்கே நாடகம் போட்டவர்களின் பேச்சை யார் குறித்தார்கள்?

1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் தன் மேடை நினைவுகளைத் தானே எழுதிவிட்டார். வக்கீல், பிறகு நீதிபதி. பேனா பிடித்த கை. ஆனால் பொங்கலுக்குச் சமூக நாடகம் போட்ட ஊர்ப் பையன்களுக்கு ஒரு நோட்டீஸ் மிஞ்சியிருந்தாலே அதிசயம். அவர்களெல்லாம் இப்போது தாத்தாக்கள்.

அவர்கள் பேச்சைப் பதிவு செய்யச் செல்போன் போதும், கிளம்பலாம். ஆனால் ஹீரோ வேஷம் கட்டியவரிடம் முதலில் போகாதீர்கள்; அவருக்குக் கைதட்டல்தான் ஞாபகமிருக்கும். படுதாவுக்குப் பின்னால் நோட்டோடு நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவரையும் ஆர்மோனியக்காரரையும் கேளுங்கள். சீன் செட்டுக்கு என்ன வாடகை, எந்தத் தெருப் பையனுக்கு வேஷம் மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே வையுங்கள். கதாநாயகியாக நடிக்க வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த அம்மாவையும் விடாமல் தேடுங்கள். பேசிய சம்பளம் முழுசாகக் கைக்கு வந்ததா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.