செத்துக் காட்டினா சமத்துவம் வருமா?

நாட்டுக்காகச் செத்துக் காட்டு, அப்புறம் உன் உரிமையைப் பற்றிப் பேசலாம் — ஒடுக்கப்பட்டவனிடம் ஆளுகிறவன் சொல்லிவரும் பொய்களிலேயே ரொம்பப் பழசு இது. துப்பாக்கியைக் கையில் கொடுப்பான். சோத்துத் தட்டைத் தனியா வைப்பான். இந்தப் பொய்க்குள் உடுப்பு மாட்டிக்கொண்டு போய், அதன் நாற்றத்தை மோந்து பார்த்து, வெளியே வந்து முப்பது வருசம் பதில் சொன்ன ஒரு கறுப்பரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பெயர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் (1895-1950). முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவ அதிகாரி. பிறகு வக்கீல்.

நமக்கு மால்கம் எக்ஸைத் தெரியும். 1966இல் ஓக்லாந்தில் கிளம்பிய கருஞ்சிறுத்தைகளைத் தெரியும். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதும் தெரியும். துப்பாக்கியும் மேடையும் சட்டென்று கண்ணில் படும். காகிதக்கட்டைச் சுமந்துகொண்டு ரயிலேறி ரயிலிறங்கி அலைந்தவன் கண்ணில் படமாட்டான். அமெரிக்காவின் பொதுப்புத்தியும் இவரை ரொம்ப நாள் மறந்துதான் கிடந்தது. 2009இல் தபால்தலையில் ஒட்டினார்கள். தபால்தலையில் ஒட்டுவது சுலபம். ஏன் போராடினான் என்று கேட்பதுதான் கஷ்டம்.

'திறமையால் முன்னேறிய தனிமனிதர்' என்று இவரைச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தப் பொய். தாத்தா தாமஸ் ஜெபர்சன் ஹூஸ்டன் அடிமையாகப் பிறந்து, தப்பி இல்லினாய்க்கு ஓடியவர். தான் பிழைத்ததோடு நிற்காமல் மற்றவர்களையும் தப்பவைத்தவர். அப்பா வில்லியம், வாஷிங்டனில் பகலில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ராத்திரியில் ஹோவர்டு சட்டக்கல்லூரியில் படித்து வக்கீலானார். அம்மா மேரி பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். அந்தச் சம்பளம் பத்தாமல், வாஷிங்டன் பெரிய மனுசர்களின் பொண்டாட்டிகளுக்குத் தலைமுடி அலங்காரம் செய்து சம்பாதித்தார். ஒரே பிள்ளை. அந்தக் காசில்தான் அவன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போனான். 1915இல் அவனோடு பட்டம் வாங்கிய வகுப்பில் வேறு கறுப்பர் கிடையாது. ஓடிய தாத்தாவின் கால், கணக்கெழுதிய அப்பாவின் கண், சீப்புப் பிடித்த அம்மாவின் கை — மூன்று தலைமுறை உழைப்பு இது. இதற்குப் பெயர் 'தனிமனிதத் திறமை'யா?

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. கறுப்பனுக்கு அதிகாரிப் பயிற்சி தர ஒரு முகாம்கூட இல்லை. ஹோவர்டு மாணவர்களும் மற்றவர்களும் கத்திக் கூப்பாடு போட்ட பிறகு, அயோவாவில் டி மாயின் கோட்டையில் கறுப்பர்களுக்கென்று ஒரு முகாம் திறந்தார்கள். தனி முகாம்தான்! அதையும் போராடித்தான் வாங்கணும். அக்டோபரில் 639 பேர் அதிகாரிகளானார்கள். அவர்களில் ஹூஸ்டனும் ஒருவர். பீரங்கிப்படைக்குக் கறுப்பனின் மூளை போதாது என்று மேலிடம் சொன்னது. கையிலிருந்த காலாட்படை லெப்டினன்ட் பதவியை உதறிவிட்டு, பீரங்கிப் பயிற்சிக்குப் போய் அதையும் முடித்துக் காட்டினார்.

காட்டி என்ன ஆச்சு? கறுப்புச் சிப்பாய்கள் மேல் வந்த ஒரு குற்றச்சாட்டை விசாரித்து, இதில் ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினார். பிரான்சில், வான் என்ற ஊரில், சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்க் கும்பல் அவரையும் கூட இருந்தவரையும் சூழ்ந்துகொண்டது. அதிகாரி உடுப்பில் இருக்கிற ஆளை! ராணுவப் போலீஸ் வராமல் போயிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். எதிரி ஜெர்மன்காரன் என்று சொல்லி அனுப்பினார்கள். கயிறு எடுத்து வந்தவன் அமெரிக்கன்.

டு பாய்ஸ் மாதிரிப் பெரிய ஆளே 1918 ஜூலையில், போர் முடியும்வரை நம் குறைகளை மறந்து வெள்ளையரோடு தோள் சேர்ந்து நிற்போம் என்று எழுதினார். அடுத்த வருசமே, 1919 கோடையில், வாஷிங்டனிலும் சிகாகோவிலும் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை வேட்டையாடின. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களையும் விடவில்லை. நமக்கு இது புதுசா? அண்ணல் அம்பேத்கரின் அப்பா சுபேதார். அவர் காலத்திலேயே மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். ரத்தம் சிந்தியதற்கு ரசீது கிடையாது தோழர்களே.

ஹூஸ்டன் இதைப் பிரான்சிலேயே புரிந்துகொண்டார். இவர்கள் ஆளுகிற உலகத்துக்காகச் சாவதில் அர்த்தமில்லை, உயிரோடு திரும்பினால் சட்டம் படித்துத் திருப்பி அடிக்க முடியாதவனுக்காக நிற்பேன் என்று முடிவெடுத்ததாகப் பின்னால் அவரே எழுதினார். 1919இல் ஹார்வர்டு சட்டக்கல்லூரி. அதன் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பிடித்த முதல் கறுப்பர் அவர். 1924இல் அப்பாவோடு சேர்ந்து வக்கீல் தொழில்.

1929இல் ஹோவர்டு சட்டக்கல்லூரி அவர் பொறுப்புக்கு வந்தது. வந்ததும் ராத்திரி வகுப்பை ஒழித்தார். முழுநேரப் படிப்பு, கசக்கிப் பிழியும் பயிற்சி. 1931இல் கல்லூரிக்கு அமெரிக்க வக்கீல் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் யாருக்குக் கதவு சாத்தப்பட்டது? அவரைப் பெத்த அப்பன் மாதிரி ஆளுக்குத்தான். பகலெல்லாம் பேங்க் கவுண்டரில் அடுத்தவன் பணத்தை எண்ணிவிட்டு ராத்திரியில் பேனாவை எடுக்கிற எனக்கு இந்த இடம் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. அன்றைக்கே பழைய மாணவர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். ஆனால் ஹூஸ்டனின் கணக்கும் பொய்யில்லை. அரைகுறைப் பயிற்சியோடு கோர்ட்டுக்குப் போகிற கறுப்பு வக்கீலைப் பார்த்து எதிரி சிரிப்பான். தூக்குமேடைக்குப் போகிறவன் கட்சிக்காரன். வக்கீல் என்பவன் ஒன்று சமூகத்தைக் கட்டுகிறவன், இல்லையென்றால் ஒட்டுண்ணி — இதுதான் அவர் மாணவர்களுக்குச் சொன்னதன் சாரம். கதவைச் சாத்தியதற்கு ஒரே நியாயம், உள்ளே இருந்தவர்களை அவர் என்ன செய்தார் என்பதுதான்.

என்ன செய்தார்? 1933இல் தர்குட் மார்ஷல் வெளியே வந்தார். சொந்த ஊரான பால்டிமோரிலேயே இருந்த மேரிலாண்ட் சட்டக்கல்லூரி கறுப்பரைச் சேர்க்காது என்பதால் ஹோவர்டுக்கு வந்தவர் அவர். இரண்டு வருசத்தில் குருவும் சீடனுமாக அதே மேரிலாண்டின் மேல் வழக்குப் போட்டு, டொனால்டு முர்ரே என்ற கறுப்பு மாணவரை உள்ளே நுழைத்தார்கள்.

'தனித்தனியே, ஆனால் சமமாக' என்று 1896இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. ஹூஸ்டன் அதை முதலில் நேராக உடைக்கவில்லை. 'சமம்னு சொன்னியே, எங்கே காட்டு' என்று கேட்டார். தெற்கு கரோலினாவின் கிராமங்களுக்குக் காமிராவோடு போய்க் கறுப்புப் பிள்ளைகளின் ஒழுகுகிற பள்ளிக்கூடங்களைப் படம்பிடித்து வந்தார். எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகக் கட்டு, உன் கஜானா தாங்குதா பார்க்கலாம் என்பது தந்திரம். முதலில் சட்டக்கல்லூரிகளைக் குறிவைத்தார். சட்டக்கல்லூரி என்றால் என்னவென்று நீதிபதிக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1938இல் மிசௌரி வழக்கில் அவர் வாதாடும்போது ஒரு நீதிபதி நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதுகைப் பார்த்தே வாதாடினார். ஜெயித்தார். அந்த வழக்கின் மாணவர் லாயிட் கெயின்ஸ் 1939 மார்ச்சில் சிகாகோவில் ஒரு ராத்திரி வீட்டைவிட்டு வெளியே போனார். இன்றுவரை தடயமில்லை. தீர்ப்பு நம் பக்கம், ஆளைக் காணோம்!

'வர்க்கமாகத் திரண்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிற தோழர்களுக்கு 1944ஆம் வருச ஸ்டீல் வழக்கு. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் கறுப்புத் தொழிலாளிக்கு வெள்ளையர் சங்கத்தில் இடமில்லை. ஆனால் அவனுக்கும் சேர்த்துப் பேச அதே சங்கத்துக்குச் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. பேசி, அவன் வேலையையே பிடுங்குகிற ஒப்பந்தம் போட்டார்கள். ஒருத்தன் பேரில் பேசுகிறவன் அவனுக்கு நியாயமாகப் பேசியாகணும் என்ற தீர்ப்பை ஹூஸ்டன் உச்சநீதிமன்றத்திலிருந்து பிடுங்கி வந்தார்.

'சட்டமே ஆளும் வர்க்கத்துக் கருவி, கோர்ட்டால் என்ன கிழிக்க முடியும்' என்கிறவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. முர்ரே ஜெயித்ததும், அவசரப்பட்டுக் கூத்தாடாதீர்கள் என்று 1936லேயே எழுதி எச்சரித்தார். மக்கள் பின்னால் நிற்காத தீர்ப்பு வெறும் காகிதம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வாஷிங்டனில் ஒரு முடிதிருத்தும் தொழிலாளி தலைமையில் பெற்றோர்கள் பள்ளிப் புறக்கணிப்பு நடத்தியபோது அவர்களோடு போய் நின்றார். அந்த வேலை முடியுமுன்பே, 1950 ஏப்ரல் 22இல், 54 வயதில் இதயம் நின்றது. பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பு 1954 மே 17இல் வந்தது. வாதாடியவர்களில் பலர் அவர் வளர்த்த பிள்ளைகள், அவரோடு வேலை செய்தவர்கள்.

இப்போது? 2005இல் ஹார்வர்டு தன் சட்டக்கல்லூரியில் அவர் பெயரில் ஒரு ஆய்வு நிலையம் திறந்தது. 2023 ஜூன் 29இல், அதே ஹார்வர்டு பிரதிவாதியாக நின்ற வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் நிறத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. எந்தச் சமத்துவ விதியை ஹூஸ்டன் ஆயுதமாகத் தீட்டினாரோ, அதே விதியைத்தான் காட்டினார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தால் எதிரி எடுத்துக்கொள்வான்.

பட்டம் வாங்குகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உன் பட்டத்துக்குப் பின்னால் ஓடிய கால் ஒன்றும் உழைத்த கை ஒன்றும் இருக்கு. உனக்குக் கதவு திறந்தபோது வெளியே நின்றவர்களும் இருக்காங்க. உள்ளே போய் வாதாடப் போறியா, ஒட்டிக்கிட்டு உறிஞ்சப் போறியா? மூணாவது வழி கிடையாது.