சொல்லும் பொருளும்: பழகிப் போதல்



அரவேணுவில் வாழும் குடும்பத்தலைவி ஒருவர் விடுத்துள்ள வினாவை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி அவர் வீட்டிற்கு மருமகளாக வந்திருக்கிறாள். அவள் தன் தோழிக்கு ஆங்கிலத்தில் எழுதிய மடலில், 'குளிர் எனக்குப் பழகிவிட்டது' என்னும் பொருளில் 'ஐ யூஸ்ட் டு கோல்ட்' என்று எழுதினாளாம். இது சரியா? இப்பொருளுக்கு வேறு சொற்கள் உண்டா? இதுவே வினா.

அவ்வாக்கியம் சரியன்று. 'யூஸ்ட் டு' என்பது துணைவினையின்றி நின்று ஒரு வினைச்சொல்லை ஏற்குமானால், முன்பு இருந்து இப்போது இல்லாத நிலையைக் குறிக்கும். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் தூத்துக்குடி' என்றால், முன்பு அங்கு வாழ்ந்தேன், இப்போது இல்லை என்பது பொருள். பழகிவிட்டதைச் சொல்ல 'ஆம்' என்னும் துணைவினை வேண்டும். 'ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்' என்பதே சரி. இன்னும் பழகிக்கொண்டிருந்தால் 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு த கோல்ட்' எனலாம்.

இனி, இக்கருத்தைத் தரும் பிற சொற்களைக் காண்போம். முதலாவது 'அக்கிளைமடைஸ்'. இது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் 'அக்கிளைமேட்' என்றே பெரிதும் எழுதுவர். 'கிளைமேட்' என்னும் சொல்லின் வேர் 'கிளிமா' என்னும் கிரேக்கச் சொல்; அதன் பொருள் சரிவு என்பதாகும். துருவத்தை நோக்கி நிலம் சாய்வதாகக் கருதிப் பண்டையோர் உலகைப் பகுதிகளாக வகுத்தனர். அப்பகுதிகளைக் குறித்த சொல்லே நாளடைவில் தட்பவெப்பத்திற்குப் பெயராயிற்று. மலைச்சரிவில் வாழும் நமக்கு இது புதுமையன்று. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 1,800 மீட்டர் அளவிலுள்ள கோத்தகிரிக்கு ஏறுகையில், அரவேணுவை எட்டுமுன்பே காற்று மாறிவிடுகிறதன்றோ! அம்மாற்றத்தை உடல் ஏற்றுக்கொள்வதே 'அக்கிளைமடைஸ்'.

இரண்டாவது 'அடாப்ட்'. பொருந்தும்படி தன்னையோ தன் முறையையோ மாற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இவ்வுயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு வேகக் கூடுதல் நேரமாகும். அதையறிந்து மருமகள் தன் சமையல் முறையை மாற்றிக்கொண்டால் அது 'அடாப்ட்'. நாள்தோறும் செய்து வழக்கமாக்கிக்கொள்ளுதல் 'அக்கஸ்டம்'. 'கஸ்டம்' ஆகிய வழக்கம் அதனுள்ளேயே இருக்கிறது. வேறு வழியின்றித் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதலோ 'ரிசைன்ட் டு'. வேலையைத் துறப்பதற்கு நாம் வழங்கும் அதே 'ரிசைன்' இங்கு எதிர்ப்பைத் துறப்பதைக் குறிக்கிறது.

இச்சொற்களின் வேறுபாட்டை நம் மலையின் வரலாறே விளக்கும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கையிலிருந்து 5,25,000 இந்திய வம்சாவளியினரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, அவருள் பலர் நீலகிரிக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

நுவரெலியா, அட்டன் போன்ற மலைத்தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் குளிரும் கொழுந்து பறித்தலும் புதியனவல்ல. ஆகவே 'அக்கிளைமடைஸ்' அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. புதிய அலுவலகங்களுக்கும் புதிய அயலாருக்கும் ஏற்பத் தம்மை 'அடாப்ட்' செய்துகொண்டனர். ஆனால் தாயகம் திரும்பியவர்களைச் 'சிலோன்காரர்' என்று பிரித்துப் பேசிய பேச்சு? அதையும் அவர்கள் பொறுத்துக்கொண்டதைக் கண்டு 'பழகிவிட்டார்கள்' என்று நாம் சொன்னோமானால், அது தவறான சொல். அவமதிப்பு எவருக்கும் பழகுவதில்லை. அங்கே உரிய சொல் 'ரிசைன்ட் டு' என்பதே.

இறுதியாக, ஆங்கிலம் அறியாதாரும் வழங்கும் 'அட்ஜஸ்ட்'. பேருந்தில் சற்றே நகர்ந்து இடம் கொடுப்பது முதல் இல்லறம் வரை இச்சொல் நம்மிடம் படும் பாடு கொஞ்சமன்று! "அட்ஜஸ்ட் செய்துகொள் அம்மா" என்று நம் இல்லங்களில் யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும் புதிதாக வந்தவளிடம் மட்டுமே. ஆனால் அச்சொல்லின் வேரில் 'அருகில்' என்னும் பொருளுடைய 'யுக்ஸ்டா' என்ற இலத்தீன் சொல் இருப்பதாக அகராதியாளர் கூறுவர். அருகருகே வருதலே அதன் பழைய பொருள். ஒருவர் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்க, மற்றவர் அசையாதிருத்தல் எவ்வாறு அதற்குப் பொருந்தும்?

அன்புள்ள தாயாரே, உம் மருமகளின் வாக்கியத்தைத் திருத்த 'ஆம்' என்னும் ஒரு சொல் போதும். குளிருக்கு அவள் உடல் விரைவில் பழகிவிடும். அதற்குள் ஒரு நல்ல கம்பளிச் சட்டையை அவளுக்கு வாங்கித் தாரும். அவள் ஊர் மீன்குழம்பை அவளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளும். 'அட்ஜஸ்ட்' என்பதன் முழுப்பொருள் அப்போது உம் அடுக்களையிலேயே விளங்கும்.