முருங்கையில் கம்பளிப் புழு

மழை ஓய்ந்த சில நாள்களில், கொல்லையிலுள்ள முருங்கையின் அடிமரத்தில் பழைய கம்பளித் துண்டொன்று ஒட்டிக்கிடப்பது போல் தோன்றும். அருகிற் சென்று நோக்கினால் அத்துண்டு நெளியும். கண்டவுடன் மரத்தை வெட்ட அரிவாளைத் தேடுவோர் உண்டு. நச்சு மருந்து வாங்க ஓடுவோரும் உண்டு. நாளை உலையில் ஏறவேண்டிய கீரையின்மீது நஞ்சைத் தெளிப்பது எவ்வகையில் அறிவுடைமை?

முதலில் புழு இன்னதென அறிந்துகொள்வோம். முருங்கையை உண்ணும் புழுக்கள் பலவாம். இலையைச் சுரண்டிச் சருகாக்குவனவும், மொட்டைத் துளைப்பனவும் அடர்ந்த மயிரில்லாத சிறு புழுக்கள். உடலெங்கும் மயிர் அடர்ந்து, கூட்டங்கூட்டமாய் அடிமரத்தில் தங்குவதே நாம் கூறும் கம்பளிப் புழு. அறிவியலார் இதனை யூப்டிரோட்டி மாலிபெரா என்பர். இது பட்டையைச் சுரண்டும், இலையைத் தின்னும், மிகுந்துவிட்டால் மரத்தையே மொட்டையாக்கிவிடும். பின்னர் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

அதிலிருந்து வெளிவருவது வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய பெரிய அந்துப்பூச்சி. இரவில் தாழ்வார விளக்கைச் சுற்றும் அதனைக் கண்டு, இதுவா அக்கம்பளிப் புழு என வியவாதார் இலர். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் குறிப்பிடும் பூச்சி இதுவன்று. அது துணியை அரிக்கும் சிற்றினம். ஆயினும் இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: அழிவு செய்வது புழுப்பருவமே. இறக்கை பெற்ற பின் எதையும் அரிப்பதில்லை.

கூடி வாழும் இயல்பே இப்புழுவின் பலவீனம். இலையடியிலும் இளந்தண்டிலும் திரளாக இடப்பட்டுள்ள முட்டைகளைக் கண்டால் இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். புழுக்கள் அடிமரத்தில் திரண்டிருக்கும்போது, நீண்ட கழியில் கட்டிய துடைப்பத்தால் சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் தள்ளிவிடுதல் எளிது. தீப்பந்தம் காட்டும் வழக்கமும் உண்டு; கூரை வீட்டருகே அது கூடாது, பட்டையும் கருகும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளிப்படும். மீதியைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். இலையிழந்த மரத்தைக் கண்டு மனம் தளரவேண்டா. நல்ல வேருடைய முருங்கை மீண்டும் தளிர்க்கும்.

தாய்மார்கள் சிறுவரைப் புழுவின் அருகே விடலாகாது. மயிர் பட்டு அரிப்பெடுத்தால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் மயிர் மேலும் உட்செல்லும். ஒட்டும் பிளாஸ்திரியை அவ்விடத்தில் ஒட்டி உரித்தெடுத்து, பின்னர் சோப்பு நீரால் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கைவைத்தியம் வேண்டா, மருத்துவரிடம் செல்க.

நாம் தொட அஞ்சும் இப்புழு வகையை விருந்தாக உண்ணும் பறவையும் உண்டு. தலையில் கொண்டையும் கறுப்பு வெள்ளை உடலுமுடைய சுடலைக்குயில், மயிர்ப்புழுவை அலகால் நுனிமுதல் நுனிவரை அழுத்திக் குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு விழுங்கும். புழு மலிந்த காலத்தில் காலையில் சற்றே முருங்கைக் கிளைகளை அண்ணாந்து பாருங்கள்.