யோசனை சொல்பவருக்குக் கூலி தருவது யார்?

பயிரில் பூச்சி கண்டதும் நம் விவசாயிகளில் பலர் நேரே மருந்துக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். "இப்போது மருந்து வேண்டாம், நாலு நாள் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லும் கடைக்காரர் அபூர்வம். அவர் கெட்டவர் அல்லர்; விற்றால்தான் அவருக்கு வருமானம். பண விஷயத்திலும் இதுவே நடக்கிறது.

அறுவடைப் பணமோ, சாலைக்கு எடுத்த நிலத்தின் நஷ்டஈடோ கைக்கு வந்ததும், "நிதி ஆலோசகர்" என்று ஒருவர் வீடு தேடி வருகிறார். பெரும்பாலும் அவர் ஏஜெண்டு. நீங்கள் பாலிசி எடுத்தால் அவருக்குக் கமிஷன். அது அவர் தொழில். விற்பவரை ஆலோசகர் என்று நம்பி முடிவெடுப்பதுதான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். கையில் 1 லட்சம் ரூபாய். வெளியில் நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டியில் 1 லட்சம் கடன். ஆண்டுக்கு வட்டி 24,000 ரூபாய். கைப்பணத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் கிடைப்பது 7,000 ரூபாய். ஆண்டுக்கு 17,000 ரூபாய் நஷ்டம்! முதலில் கடனை அடையுங்கள் என்பதே சரியான யோசனை. ஆனால் அதைச் சொல்பவருக்குக் கமிஷன் தர யாருமில்லை. அதனால்தான் அது உங்கள் காதில் விழுவதில்லை.

அடுத்தது தவணை. மாதச் சம்பளக்காரருக்கு மாதத் தவணை பொருந்தும். நெல்லும் கடலையும் போடுபவருக்கு ஆண்டில் இரண்டு முறைதான் பணம் வரும். தவணை கட்ட நடவு நேரத்தில் நகை அடகுக்குப் போகும்.

எனவே, எந்த மாதம் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, யாரிடம் என்ன வட்டிக்குக் கடன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் உரம் சிபாரிசு செய்வது தகாது. அந்த நோட்டைப் பார்க்காமல் யோசனை சொல்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

செபியின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசனை பெறுபவரின் முதலீட்டில் கமிஷன் வாங்கக்கூடாது. சிறு விவசாயிக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாமல் போகலாம். மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிக் கல்வி மையத்தில் இலவசமாகவே யோசனை கேட்கலாம்.

கடன் வேண்டுமானால் ஆயுள் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று வங்கியில் சொன்னால் இணங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டாலும், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும்.

நிதிக் கல்வி மையத்தார் அறுவடை முடிந்த கையோடு கிராமத்துக்கு வரவேண்டும், ஏஜெண்டு வருவதற்கு முன்பே வரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, யோசனை சொல்ல வருபவரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, நான் இதில் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" நேர்மையானவர் கோபப்படமாட்டார்.