செடி இருக்கட்டும், மண்ணைப் பிறர் தொடட்டும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் பெரும்பாலானவை மருந்து, உணவு, குடிநீர் பற்றியவை. அவற்றுக்கு நடுவே சற்றுத் தயக்கத்துடன் இன்னொரு கேள்வியும் வருவதுண்டு: வீட்டிலுள்ள தொட்டிச் செடிகளை என்ன செய்வது?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. “எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்பது ஒன்று. “செடிதானே, என்ன செய்துவிடப் போகிறது?” என்பது மற்றொன்று. இரண்டுமே பொருந்தா என்பது எங்கள் கருத்து. செடி வீட்டில் இருக்கலாம். ஆனால் அதன் மண்ணைக் கிளறும் வேலை, குறிப்பாகத் தொட்டி மாற்றும் வேலை, நோயாளியின் கைக்கு வரக் கூடாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். மண், மட்கிய இலை, தொழுவுரம் ஆகியவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இயல்பாகவே வாழ்கிறது. தொட்டியைக் கவிழ்க்கும்போதும், காய்ந்த உரப் பையை உதறும்போதும் அதன் நுண்வித்துகள் காற்றில் எழுகின்றன. நலமுள்ளவரின் நுரையீரல் அவற்றை எளிதில் அழித்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்காக டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவருக்கோ அந்தக் காவல் தளர்ந்திருக்கும். அதே வித்து அவருக்குக் கடுமையான நுரையீரல் தொற்றாக முற்றலாம். நோகார்டியா என்னும் மண்வாழ் பாக்டீரியாவும் மூச்சின் வழியாகவோ சிறு கீறலின் வழியாகவோ நுழையக்கூடியது. ஆஸ்திரேலியாவில், பைகளில் விற்கும் தொட்டிக் கலவைக்கும் லெஜியோனெல்லா நுரையீரல் அழற்சிக்கும் உள்ள தொடர்பு அறியப்பட்டபின், பைகளின்மேல் எச்சரிக்கை அச்சிடும் வழக்கம் வந்துவிட்டது.

அப்படியானால் செடிகளை அடியோடு அகற்றிவிடுவதுதானே முறை என்று சிலர் கேட்கலாம். தடை போடுவது எளிது. அதற்கும் ஒரு விலை உண்டு. சிகிச்சைக்குப் பின் வரும் மாதங்களில் உப்பு, கூட்டம், பயணம், உறவினர் வருகை எனப் பலவற்றை நோயாளி விட்டுக்கொடுக்கிறார். பத்து ஆண்டுகளாக வளர்த்த கொடியையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டால், ஒரு நாள் வீட்டில் ஒருவரும் இல்லாதபோது அவர் தாமே மண்ணில் கை வைக்கக்கூடும். அதை நம்மிடம் சொல்லவும் மாட்டார். பின்னர் காய்ச்சல் வந்தால், மண்ணைத் தொட்ட செய்தி மருத்துவருக்குத் தெரியாமலே போகும், நோயறிதல் தாமதமாகும். மறைக்க வேண்டிய தேவை எழாதபடி வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது என்று நாங்கள் கருதுகிறோம்.

பங்கீடு கடினமன்று. எந்தத் தொட்டி, எந்த இடம், எந்தக் கிளையை வெட்டுவது, என்று நீர் ஊற்றுவது என்பவற்றை நோயாளி முடிவு செய்யட்டும். மண்வேலையைக் குடும்பத்தில் நலமாக உள்ள ஒருவர் செய்யட்டும். அவருக்காக, நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் மணி பிளாண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு முறையைச் சொல்கிறோம்.

இக்கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவு. காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடியாதலால், அதன் வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். அடித்துளை வழியே வேர் வெளிவந்தாலோ, ஊற்றிய நீர் மண்ணில் இறங்காமல் உடனே ஓடிவிட்டாலோ, புதிய இலைகள் சிறுத்துக்கொண்டே வந்தாலோ தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். கத்திரி வெயிலில் இதைச் செய்ய வேண்டாம், கோடை தணியட்டும். புதிய தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகன்றிருந்தால் போதும். அளவுக்கு மிஞ்சிய தொட்டியில் மண் நெடுநாள் ஈரமாகவே இருந்து வேரை அழுகச் செய்யும்.

வேலையை மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி அப்போது அருகில் இருக்க வேண்டாம். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். முதல் நாளே செடிக்கு நீர் ஊற்றிவிடுங்கள். மண் தூசியாகப் பறக்காது, வேரும் எளிதில் கழன்று வரும். உரப் பையை முகத்துக்கு நேரே பிரிக்காமல், பிரித்தவுடன் சிறிது நீர் தெளியுங்கள். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் எடுத்து, ஒரு கைப்பிடி ஆற்று மணலும் சேர்த்தால் நல்ல கலவை கிடைக்கும். செடியைச் சாய்த்து மெல்ல வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் தளர்த்துங்கள். கறுத்துக் குழைந்த வேரைத் தூய கத்தரிக்கோலால் நீக்குங்கள். முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் இடம் விட்டு, அடித்துளையில் நீர் வடியும்வரை ஊற்றுங்கள். பின்னர் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, சோப்பினால் கை கழுவி, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் வாருங்கள்.

இதன்பின் வரும் சில வாரங்களில்தான் பல செடிகள் கெடுகின்றன. காரணம் பெரும்பாலும் புறக்கணிப்பு அன்று, மிகையான கவனிப்பு. தொட்டி மாறிய செடி சில நாள் வாடி நிற்கும். அடியிலுள்ள ஓரிரு இலைகள் மஞ்சளாகும். அதைக் கண்டு நாள்தோறும் நீர் ஊற்றுவதும், உரமிடுவதும், வெயிலுக்கு நகர்த்துவதும் கேடு. நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள ஓரிடத்தில் அசைக்காமல் வையுங்கள். மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம். புதிய வேர் பிடிக்கட்டும். புதிய இலை சுருள் விரியும்போது வேர் பிடித்துவிட்டது என்று அறியலாம். அந்தச் செய்தியை முதலில் நோயாளியே கண்டு சொல்லட்டும்; அதற்கு மண்ணைத் தொட வேண்டியதில்லை.

மண்ணே வேண்டாம் என்று கொடியைக் கண்ணாடிக் குடுவை நீரில் வளர்ப்போரும் உண்டு. தேங்கிய நீரில் பாக்டீரியாக்கள் பெருகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தொட்டியின் அடித்தட்டுக்கும் இது பொருந்தும். ஏடிஸ் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், வாரம் இருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதுவும் நலமுள்ளவரின் வேலையே. மணி பிளாண்டின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் நுண்படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டயாலிசிஸ் பெறுவோருக்கு ஒரு சொல்: ஃபிஸ்துலா உள்ள கையால் தொட்டியைத் தூக்காதீர்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கலாகாது. எலும்பு மச்சை மாற்று சிகிச்சையில் இருப்பவர்கள், வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருப்பவர்கள் ஆகியோரின் அறையில் செடியோ பூவோ அறவே வேண்டாம். நலம் விசாரிக்க வரும் உறவினரும் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

மாற்று அறுவைக்குப் பின் முதல் 6 மாதங்கள் மிகுந்த எச்சரிக்கைக்குரியவை. அதன்பின் கையுறையும் முகக்கவசமும் அணிந்து சிறு வேலைகளைச் செய்யலாமா என்பதை, உங்கள் மருந்தளவைப் பார்த்து உங்கள் மருத்துவரே சொல்வார். இடையில் எப்போதேனும் மண்ணைத் தொட்டுவிட்டால் அஞ்ச வேண்டாம். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ, இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, ஆறாத புண்ணோ கட்டியோ தோன்றினாலோ அன்றே வந்து, மண்ணைத் தொட்டதையும் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள யாரும் இங்கில்லை. எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று எங்களுக்குக் காட்டித்தரும் செய்தி அது.