இனம் சேர்க்கும் அருள்

குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து மன்னனிடம் நீதி வேண்டிய வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடியவர் அவர். விலங்கின் தாய்மையும் அறமன்றத்தில் எண்ணத்தக்கது என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. அவ்வூரை அடுத்த வண்டலூரில் ஒரு குரங்குக்குட்டியின் வாழ்வு குறித்தும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

நாய்க்கடியால் காயமுற்ற குட்டியொன்றைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பல மாதங்கள் பேணிப் பிழைக்கச் செய்தார். 2024 அக்டோபரில் அக்குட்டி வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சேர்க்கப்பட்டது. அதனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார், வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

அம்மருத்துவரின் அன்பு போற்றுதற்குரியது. எனினும், காத்த கையே என்றும் கொண்டிருக்க வேண்டும் என்பது அருளாகாது. குரங்கின் வாழ்வு கூட்டவாழ்வு. நாட்டுக்குரங்கினத்தில் பெண்குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் தங்குகின்றன. எதை உண்பது, எதற்கு அஞ்சுவது, யாரிடம் பணிவது என்பனவற்றைக் குட்டி தாயின் மார்பைப் பற்றியவாறே கற்கிறது. ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதும் உறவை வளர்க்கும் செயலே.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950-களில் நிகழ்த்திய ஆய்வில், தாயைப் பிரிந்த குட்டிகள் பால் தரும் கம்பிப் பொம்மையைவிட, பால் தராத துணிப் பொம்மையையே நெடுநேரம் தழுவிக் கிடந்தன. தனிமையில் வளர்க்கப்பட்டவை பின்னர்ப் பிற குரங்குகளோடு பழக இயலாமல் தவித்தன. உணவும் மருந்தும் உயிரைக் காக்கலாம். வாழ்வைத் தருவது உறவே.

காப்பகத்தின் கடமையும் இதனால் தெளிவாகும். வீட்டுக் கூண்டிலிருந்து பூங்காக் கூண்டிற்கு மாற்றுவது மட்டும் மறுவாழ்வு ஆகாது. ஆதரவற்ற குட்டிகளை முதலில் ஒன்றோடொன்று பழக்கி, பின்னர் அவற்றை ஏற்கும் வளர்ந்த பெண்குரங்குகளோடு படிப்படியாகச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு அமையும் குடும்பம் குருதியால் அமையாவிடினும் குடும்பமே.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகளும் அகன்ற சாலைகளும் பெருகிவிட்டன. தாயைப் பிரிந்த குட்டியை இத்தகைய இடங்களில் காண்போர், இரக்கத்தால் அதனை வீட்டிற்குக் கொண்டுசெல்லாமல் வனத்துறைக்கு உடனே தெரிவித்தல் நன்று. அதன் கூட்டம் அருகிலேயே காத்திருக்கக்கூடும். காயத்தை ஆற்றுவது இரக்கத்தின் தொடக்கம்; இனத்தோடு சேர்ப்பதே அதன் நிறைவு.