அசைன்மென்ட் தாளில் பெயர் எதற்கு?

கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அசைன்மென்ட் புதிதல்ல. கைடைப் பார்த்தோ, நண்பரின் தாளைப் பார்த்தோ எழுதிக் கொடுத்தால் போதும். சிவப்பு மையில் ஒரு ‘டிக்’ விழுந்து திரும்பி வரும். பேராசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறுபது தாளையும் வரிவரியாகத் திருத்த அவருக்கு ஏது நேரம்?

இதற்கு மாற்று இருக்கிறது. ஒருவர் எழுதியதைச் சக மாணவர் இருவர் படித்து, எங்கே புரியவில்லை, எதற்குச் சான்று இல்லை என்று குறிப்பு எழுதுவார்கள். அதை வைத்துத் திருத்தி எழுதிய பிறகே ஆசிரியர் மதிப்பெண் போடுவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இது பெரிய உதவி. எழுதியதைப் படித்துப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

ஆனால், வகுப்பறை ஊருக்கு வெளியே இல்லை. ‘எங்கள் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தால், எழுதுபவர் எந்தத் தெருக்காரர் என்பது மூன்றாவது வரியில் தெரிந்துவிடும். தெரியக் கூடாது என்று நினைப்பவர் கைடையே நகல் எடுப்பார். அதைச் சோம்பல் என்கிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். அதன்பின் அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்கச் சொன்னது. யார் தாளை யார் படிப்பது என்பதையும் ஆசிரியரே பிரிக்க வேண்டும். விருப்பப்படி விட்டால் கையில் கட்டிய கயிற்றின் நிறம் பார்த்தே சேர்வார்கள்.

தாளில் பெயரும் வேண்டாம். பல்கலைக்கழகத் தேர்வில் டம்மி எண் போட்டுத்தானே திருத்துகிறார்கள்? பல இடங்களில் அந்த 75 மதிப்பெண்ணுக்கு இருக்கும் காப்பு, 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு இல்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்பது உண்மைதான். வேறு பிரிவு மாணவர்களிடம் தாளைக் கொடுத்தால் அதுவும் குறையும்.

மதிப்பெண் மட்டும் மாணவர் கைக்குப் போகக் கூடாது. ஆசிரியர் கையில் இருந்தால் நியாயம் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். டெல்லி எய்ம்ஸில் செய்முறை, வாய்மொழித் தேர்வு மதிப்பீடு பற்றிப் பட்டியலின மாணவர்கள் முறையிட்டதை 2007இல் தோரட் குழு பதிவு செய்திருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்குத் தடயம் கிடையாது. இங்கே முதலில் எழுதியது, சக மாணவர் குறிப்பு, திருத்தி எழுதியது எல்லாம் காகிதத்தில் இருக்கும். மதிப்பெண் குறைந்தால் துறைத் தலைவர் மேசையில் வைத்துக் கேட்கலாம். பருவம் முடியும்வரை மூன்றையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.